அதை யாருடா படிப்பா?

என்னுடைய ஒரே ஆய்வுக்கட்டுரை வெளியான வாரம் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்பது பக்கம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் என் பெயரைத் தேடினார். ஐந்து பெயர்களில் முதல் பெயர். அதன்கீழ் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"இதை யாருடா படிப்பா?"

"சீனாக்காரன் படிப்பான்பா" என்றேன்.

அது எங்கள் லேப்பில் ஓடிக்கொண்டிருந்த ஜோக். வீட்டில் யாருக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் தங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "சீனா வரைக்கும் போகுதா, நல்லதுதானே" என்று தாளை மடித்து, சாமி மேடைக்குக் கீழே லோரியின் ரோட்டேக்ஸ் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்தார். அது 2023.

அப்பா செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறவர். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் குலை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். எண்ணெய் பிழிந்த பிறகு கொட்டையை உடைத்துப் பருப்பைத் தனியே எடுப்பார்கள். மிஞ்சுகிற ஓடு ஆலையின் பாய்லரில் எரிபொருளாகப் போகும். அந்த ஓட்டைக் கரியாக்கி, கரியில் மின்சாரத்தைத் தேக்க முடியுமா என்பதுதான் என் மாஸ்டர்ஸ் ஆய்வு. சூப்பர்கெப்பாசிட்டர் என்பார்கள். பேட்டரி அளவுக்குப் பிடித்து வைக்காது. ஆனால் சில நொடிகளில் ஏறும், சில நொடிகளில் இறங்கும். கரியில் நுண்துளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஓட்டைச் சுட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 800 டிகிரியில் மறுபடி சுட்டால் துளைகள் திறக்கும். ஓட்டை அப்பாவே ஒரு சாக்கில் கட்டி, லீவு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சாக்கைப் பல்கலைக்கழக வாசலில் உள்ளே விட காவலாளி அரை மணி நேரம் யோசித்தார்.

ஆய்வைத் தொடங்கும் முன் அதுவரை வந்த கட்டுரைகளைத் தொகுக்க வேண்டும். 140 கட்டுரை இறக்கினேன். பாதிக்கு மேல் சீனாவிலிருந்து. நிலக்கடலைத் தோல், பூண்டுத் தோல், பொமெலோ தோல், தாமரைத் தண்டு, காளான், மூங்கில் என்று ஒன்றையும் விடாமல் கரியாக்கியிருந்தார்கள். "சீனாவுல இன்னும் எரிக்காம விட்டு வச்சிருக்கிற காய்கறி ஏதாவது இருக்கா?" என்று லேப் நண்பன் கேட்பான். ஆசிரியர் பெயர் வாங், ஜாங், லியூ என்று இருந்தாலே எங்களுக்கு அது 'சைனா பேப்பர்'. எண்ணை நம்ப முடியாது, தங்களுக்குள் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டிக்கொள்வார்கள், காசு கொடுத்து எழுதி வாங்கியிருப்பார்கள். இரவுச் சந்தையில் விற்கும் ஐந்து ரிங்கிட் சார்ஜரைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் இதையும் பேசுவோம்.

அந்த 140-இல் ஒன்றைக்கூட முழுதாக நான் படித்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருக்கம், படங்கள், முடிவுரை, அவ்வளவுதான். பிறகு என் முன்னுரையில் ஒரு வாக்கியத்தின் இறுதியில் 12 முதல் 27 வரை என்று ஓர் அடைப்புக்குறி. பதினாறு கட்டுரை அதற்குள் அடங்கிவிடும்.

2022-இல் எல்லை திறந்த பிறகு எங்கள் லேப்பில் ஒருவர் வந்து சேர்ந்தார். ஹெனான் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் விரிவுரையாளர். வயது 37. ஆறு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு பிஎச்.டி. படிக்க மலேசியா வந்திருந்தார். கடந்த சில ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகங்களில் இப்படி வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நாங்கள் அவரை லாவ்ஷீ என்று கூப்பிட்டோம். சீனத்தில் ஆசிரியர். அவர் என்னை டீடி என்பார். தம்பி.

அறிமுகமான இரண்டாம் நாளே அவர் கேட்ட கேள்வி: "டீடி, உன்னிடம் எத்தனை எஸ்.சி.ஐ. இருக்கிறது?"

வீட்டில் எத்தனை மாடு என்று கேட்பதுபோல இருந்தது. இன்னும் ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. பட்டம் வாங்க எனக்கு ஒன்று தேவை. அவருக்கு பிஎச்.டி.க்கு இரண்டு. ஊருக்குத் திரும்பி இணைப் பேராசிரியர் ஆவதற்குக் கல்லூரி கேட்கிற கணக்கு வேறு. எங்கள் இருவருடைய கணக்கும் ஒரே தராசில்தான் நிறுக்கப்பட்டது.

இந்த எண்ணிக்கைப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டு போனால் அந்தப் பாதை சிங்கப்பூர் வழியாகப் போகிறது.

ஆய்விதழ் என்ற ஒன்று பிறந்தது 1665-இல். அந்த ஆண்டு ஜனவரியில் பாரிசில் ஒன்று, மார்ச்சில் லண்டனில் ஒன்று. லண்டன் இதழின் பெயர் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்'; ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் நடத்தியது. ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து, 1940-களின் இறுதியில், டெரெக் டி சொல்லா பிரைஸ் என்கிற ஆங்கிலேய இளைஞர் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்தார். அந்த இதழின் பழைய தொகுதிகள், 1665 முதல் 1850 வரை, கல்லூரிக்கு வந்து கிடந்தன. நூலகக் கட்டடம் முடியவில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பிரைஸ் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போனார். படுக்கையறைச் சுவரோரம் பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து அடுக்கி, முதல் தொகுதியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அப்படிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த அடுக்குகளின் உயரம் சுவரில் ஒரு வளைகோடு போட்டிருப்பதைக் கவனித்தார். மெல்ல ஏறி, பிறகு செங்குத்தாக எழுகிற கோடு. வட்டிக்கு வட்டி போல வளரும் கோடு. வேறு துறைகளையும் எண்ணிப் பார்த்தார். எல்லாம் சுமார் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன. இப்படியே போக முடியாது, எங்காவது வளைந்து நிற்கத்தான் வேண்டும் என்று 1963-இல் 'லிட்டில் சயின்ஸ், பிக் சயின்ஸ்' நூலில் எழுதினார். அறிவியலை எண்ணிப் பார்க்கும் ஒரு துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், எண்ணுவதற்கு முன்னால் அந்த மனுஷன் உட்கார்ந்து படித்தார் என்பது.

அடுத்த ஆண்டே, 1964-இல், ஃபிலடெல்ஃபியாவில் யூஜின் கார்ஃபீல்டு 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்ற பெரிய அட்டவணை. ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேட உதவும் கருவி. லாவ்ஷீ சொன்ன எஸ்.சி.ஐ. இதுதான். தேடுவதற்குச் செய்த கருவி பின்னால் ஆளை அளக்கிற கோலாகிவிட்டது. அப்படி ஆக்கியதில் சீனாவுக்கு முன்னோடிகள் உண்டு, சீனா அளவுக்கு வேகமாக யாரும் செய்யவில்லை.

லாவ்ஷீயிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசினேன். எங்கள் உரையாடல் பாதி ஆங்கிலம், பாதி கைப்பேசி மொழிபெயர்ப்பி. அவர் சொன்னது எனக்குப் புதிது. "முன்பெல்லாம் பதவி உயர்வு யாருக்கு என்பதைத் துறைத்தலைவர் முடிவு செய்வார். அவருக்கு யார் பிடிக்கும், யார் அவர் மாணவர், அதுதான் கணக்கு. எஸ்.சி.ஐ.யை வைத்தால் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறவனுக்கு எங்கள் துறைத்தலைவரைத் தெரியாது." மாமன் மச்சான் செல்லாத ஒரு தராசு என்று அதை வரவேற்றிருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று நம்மூரில் 'மார்க் அடிப்படையில் மட்டும் எடு' என்று நம் ஆட்கள் கேட்கிற குரல் ஞாபகம் வந்தது. உள்ளே ஆள் இல்லாதவனுக்கு எண்தான் துணை.

நான்ஜிங் பல்கலைக்கழகம் 1990-களின் தொடக்கத்திலேயே எஸ்.சி.ஐ. கட்டுரைக்குப் பணப்பரிசு கொடுக்கத் தொடங்கியது. மற்றவை பின்தொடர்ந்தன. சீனாவின் 100 பல்கலைக்கழகங்களின் பரிசு விதிகளைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. 'நேச்சர்', 'சயின்ஸ்' போன்ற இதழில் ஒரே ஒரு கட்டுரைக்கு 165,000 அமெரிக்க டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். விரிவுரையாளர் ஒருவரின் பல ஆண்டுச் சம்பளம் அது. எண்ணிக்கை எப்படி ஏறாமல் இருக்கும்? அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி 2016-ஆம் ஆண்டிலேயே சீனா அமெரிக்காவை முந்திவிட்டது: சுமார் 426,000 கட்டுரைக்கு எதிரே 409,000. வெறும் எண்ணிக்கைதானே என்று அப்போது பலர் சொன்னார்கள். 'நேச்சர் இண்டெக்ஸ்' என்ற பட்டியல், கறாராகத் தேர்ந்தெடுத்த சில இதழ்களை மட்டும் எண்ணுவது. அதிலும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இயற்கை அறிவியலில் சீனா முதலிடம்.

பிரைஸின் படுக்கையறைச் சுவர் இந்தக் கோட்டுக்குப் போதாது.

தராசு யாருடையது என்பதும் சுவாரசியமானது. இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிற இரண்டு பெரிய மேற்கோள் தரவுத்தளங்களில் ஒன்று ஸ்கோபஸ். அதை 2004-இல் தொடங்கியது எல்செவியர், ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை விற்கிற நிறுவனம். காயும் அவர்களுடையது, எடைக்கல்லும் அவர்களுடையது. எழுதுகிறவருக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது, சரிபார்க்கிற மதிப்பீட்டாளர் சும்மா செய்கிறார், கடைசியில் பல்கலைக்கழக நூலகம் அதையே சந்தா கட்டி வாங்குகிறது. அப்பாவிடம் இதை விளக்கியபோது, "குலையும் நம்ம குலை, லோரியும் நம்ம லோரி, எண்ணெய நம்மகிட்டயே விக்கிறானா?" என்றார்.

ஒருநாள் மாலை லாவ்ஷீ தன் வீசாட்டைத் திறந்து எனக்குக் காட்டினார். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய பட்டியல். ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரைகளின் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முதல் ஆசிரியர் இடம் இவ்வளவு, இரண்டாம் ஆசிரியர் இடம் இவ்வளவு. பஸ் டிக்கெட் மாதிரி சன்னலோரத்துக்கு ஒரு விலை. முதல் இடத்தின் விலை அவருடைய நான்கு மாதச் சம்பளம். "வாரத்துக்கு இரண்டு வரும்" என்றார். "என் பக்கத்து மேசைக்காரி வாங்கினாள். இப்போது இணைப் பேராசிரியர்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா பாடம் எடுப்பாள். மாணவர்களுக்கு அவளைத்தான் பிடிக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் எதிர்பார்த்த வாக்கியம் அதுவல்ல. அவள் திருடி, ஏமாற்றுக்காரி என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் மோசம். சீனாவில் மருத்துவர்கள் பதவி உயர்வுக்கும் கட்டுரை காட்ட வேண்டியிருந்தது. பகல் முழுக்க நோயாளி பார்க்கிறவர் எந்த ஆய்வுக்கூடத்தில் எலிக்கு ஊசி போடுவார்? 2020 பிப்ரவரியில் எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடன் சேர்ந்து தேடிய சிலரும் 400-க்கும் மேற்பட்ட உயிர்மருத்துவக் கட்டுரைகளை அடையாளம் காட்டினார்கள். பெரும்பாலும் சீன மருத்துவமனைகளின் பெயரில் வந்தவை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நோய்கள், ஆனால் புரதச் சோதனைப் படங்கள் எல்லாம் ஒரே அச்சு. வால் மெலிந்த கறுப்புப் பட்டைகள் தலைப்பிரட்டை போலவே இருந்ததால் தலைப்பிரட்டைத் தொழிற்சாலை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே மாதம், தற்செயலாக, சீனாவின் கல்வி அமைச்சும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சும் எஸ்.சி.ஐ. எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடக் கூடாது, கட்டுரைக்குப் பணப்பரிசு கூடாது என்று ஆணை போட்டன. "பெய்ஜிங்கில் போட்ட ஆணை எங்கள் கல்லூரிக்கு வர பஸ்ஸில் வருகிறது" என்பார் லாவ்ஷீ.

இது சீனாவின் வியாதி மட்டும் என்று நினைத்தால் வசதியாக இருக்கும். கெய்ரோவில் தொடங்கப்பட்டு அமெரிக்காவின் வைலி வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம் 2023 என்ற ஒரே ஆண்டில் 8,000-க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. வாங்குகிறவர் ஹெனானில் இருக்கலாம், கல்லா வேறு ஊரில் இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 'நேச்சர்' இதழ் 2025-இல் இந்த நூற்றாண்டில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று பல தரவுத்தளங்களை வைத்துப் பார்த்தது. முதலில் வந்தது ரெஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பைப் பற்றிய கட்டுரை. நான்கு ஆசிரியர்களும் சீனர்கள். செய்த இடம் மைக்ரோசாஃப்டின் பெய்ஜிங் ஆய்வுக்கூடம். ஆய்விதழில் வரவே இல்லை. 2016-இல் ஒரு மாநாட்டில் வாசித்தது. வாங், ஜாங் என்றால் ஒதுக்குகிற எங்கள் விதிப்படி அதையும் ஒதுக்கியிருப்போம். நாலு பேரில் ஒருவர் ஜாங்.

லாவ்ஷீயின் முதல் கட்டுரைக்கு வந்த மதிப்பீட்டில் ஒரு வரி: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அவர் அதை நேராக என்னிடம் கொண்டுவந்தார். நான் தமிழ்ப்பள்ளி. வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், ஆங்கிலம் எனக்கு மூன்றாவது. என்னைத் தாய்மொழிக்காரன் ஆக்கிய முதல் ஆள் அவர்தான். மூன்று இரவு உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். அடுத்த மாதம் என் கட்டுரைக்கு மதிப்பீடு வந்தது. அதிலும் அதே வரி, ஏறக்குறைய அதே சொற்களில். லேப்பில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆங்கிலம் வராதவனுக்கு என்று ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. திருடிய கட்டுரையைச் சொல்மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார்கள். திருட்டு கண்டுபிடிக்கும் மென்பொருள் ஏமாந்துவிடும்; அர்த்தம் செத்துவிடும். கியோம் கபனாக் முதலான மூன்று பேர் 2021-இல் இப்படிப்பட்ட சொற்களைப் பட்டியல் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'போலி உணர்வு'. பெருந்தரவு என்ற இடத்தில் 'பிரம்மாண்டத் தகவல்'. சித்திரவதை பட்ட சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர். நம்மூர் அரசாங்க அறிவிப்புகளின் தமிழைப் படித்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

துயோயோவின் கதையை எனக்குச் சொன்னதும் லாவ்ஷீதான். வியட்நாம் போர்க் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து தேட 1967 மே 23-இல் சீனா ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியை வைத்து அதற்குப் பெயர் 523. அதில் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டி, ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுக்க வழி கண்டவர் துயோயோ. அந்தப் பொருளைப் பற்றிய முதல் அறிக்கை 1977-இல் சீன மொழியில் ஒரு சீன இதழில் வந்தது. கட்டுரையில் தனி ஆளின் பெயரே கிடையாது; கூட்டு ஆய்வுக் குழு என்று மட்டும் போட்டிருந்தார்கள். 2015-இல் நோபல் பரிசு கிடைத்தபோது துயோயோவுக்கு முனைவர் பட்டமும் இல்லை, வெளிநாட்டுப் படிப்பும் இல்லை. "எங்கள் கல்லூரியில் அவருக்கு இணைப் பேராசிரியர் பதவி கிடைக்காது" என்றார் லாவ்ஷீ. மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் மலேரியாவுக்கு நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். என் பாட்டியின் அக்காவும் அதில்தான் போனார். பெயரில்லாத அந்த ஒரு கட்டுரையை யார் படிப்பார்கள் என்று 1977-இல் யாராவது கேட்டிருக்கலாம்.

என் கட்டுரைக்கு வருகிறேன். அதில் ஐந்து பெயர் என்று சொன்னேன். வேலை செய்தது இரண்டு பேர். மூன்றாவது பெயர் உலை வாங்கிய மானியத்துக்குச் சொந்தக்காரர். மற்ற இருவரை நான் நேரில் பார்த்ததில்லை. "அவங்க பேப்பர்ல நம்ம பேரையும் போடுவாங்க" என்று எனக்குச் சொல்லப்பட்டது. காசு கைமாறவில்லை. வீசாட் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்த அதே வாரம்தான் நான் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சூப்பர்கெப்பாசிட்டரில் எல்லாரும் பார்க்கிற எண், ஒரு கிராம் கரிக்கு எத்தனை ஃபாரட் என்பது. மின்முனையில் கரியை மெல்லிசாகப் பூசினால் அயனிகள் சுலபமாக உள்ளே போய் வரும், எண் எகிறும். கனமாகப் பூசினால் இறங்கும். உண்மையான சாதனத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து மில்லிகிராம் பூச வேண்டும். யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சிமோனும் 2011-இலேயே 'சயின்ஸ்' இதழில் இரண்டே பக்கத்தில் இதைச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். என் 140-இல் அதுவும் இருந்தது. நான் பூசியது ஒரு மில்லிகிராம். வந்த எண் 312. பத்து மில்லிகிராம் பூசிப் பார்க்க எனக்கு நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். எடையைக் கட்டுரையில் எழுதவில்லை. மதிப்பீட்டாளர்கள் மூவரும் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டார்கள், எடையைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டம் வந்தது. இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டதும் என் கட்டுரையை நானே திறக்க முடியாமல் போயிற்று. முப்பது நாற்பது அமெரிக்க டாலர் கேட்டது. ரோட்டேக்ஸ் கோப்பில் இருக்கும் படிதான் என்னிடம் இருக்கும் ஒரே படி. லாவ்ஷீ 2025 தொடக்கத்தில் முடித்துக்கொண்டு ஹெனான் திரும்பினார். பதவி உயர்வு இன்னும் வரவில்லை. மகனின் படம் அனுப்புவார். அவன் அவர் தோளுக்கு வந்துவிட்டான்.

சில வாரத்துக்கு முன் ஓர் இரவு, தூக்கம் வராமல், என்னை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பதினொன்று. ஒன்பது சீனாவிலிருந்து. படிப்பான் என்று சொன்னேனே, படித்தானா என்று பார்ப்போம் என்று, இலவசமாகக் கிடைத்ததையும் கேட்டு வாங்கியதையும் சேர்த்துப் பதினொன்றையும் படித்தேன். இந்த முறை முழுதாக. எட்டில் நான் 31 முதல் 44 வரை என்கிற அடைப்புக்குறிக்குள் எங்கோ நின்றுகொண்டிருந்தேன். இரண்டில் நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகப் போட்டிருந்தார்கள்.

பதினொன்றாவது குவாங்சியிலிருந்து ஒரு சின்னக் குழு எழுதியது. இந்தோனேசியாவிலிருந்து செம்பனை ஓடு வாங்கி, என் செய்முறையைப் படிப்படியாக அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். அதே ஊறல், அதே 800 டிகிரி. பத்து மில்லிகிராம் பூசியிருக்கிறார்கள். கிடைத்தது 171. என் பெயரைச் சொல்லி ஒரே வாக்கியம்: எங்கள் மதிப்பு அவர்களுடையதைவிடக் குறைவு, பூச்சின் எடையோ ஓட்டின் மூலமோ காரணமாக இருக்கலாம். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் பிடித்ததில்லை.

முதல் ஆசிரியர் ஒரு மாணவர். மின்னஞ்சல் முகவரி இருந்தது. இரண்டு நாள் யோசித்து, உங்கள் கட்டுரையைப் படித்தேன் என்று மட்டும் எழுதினேன். மறுநாள் காலையில் பதில். மொழிபெயர்ப்பி எழுதிய வழவழ ஆங்கிலம். என் கட்டுரைதான் அவர் முதன்முதலில் முழுதாகப் படித்த ஆங்கிலக் கட்டுரை என்றிருந்தது. அகராதியோடு நான்கு நாள் ஆனதாம். கீழே இரண்டு கேள்வி. உங்கள் மின்முனையில் கரியின் எடை எவ்வளவு? உங்கள் ஓடு வந்த ஆலையில் பருப்பையும் ஓட்டையும் எந்த முறையில் பிரிக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஒரு மில்லிகிராம், கட்டுரையில் குறிப்பிடத் தவறியது, எழுதியிருக்க வேண்டும் என்று தட்டச்சு செய்தேன். 'தவறியது' என்ற சொல்லை இரண்டு முறை அழித்தேன். கடைசியில் குறிப்பிடவில்லை என்று போட்டேன்.

இரண்டாவதற்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். குலை இறக்கிக்கொண்டிருந்தார், பின்னால் பாய்லர் இரைச்சல்.

"அப்பா, எனக்கு ஓடு கொண்டாந்தீங்களே, அது எந்த மில்லு? பருப்பையும் ஓட்டையும் அங்க எப்படிப் பிரிக்கிறாங்க?"

"அது பழைய மில்லுடா. களிமண் தண்ணியில போடுவான். பருப்பு மிதக்கும், ஓடு அடியில போயிரும். ஏன்?"

"சீனாவுல ஒருத்தன் கேக்குறான்."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"களிமண் ஓட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். நான் கொண்டாந்ததுலகூட இருந்துச்சே" என்றார் அப்பா. "சுடுறதுக்கு முன்னாடி நல்லா கழுவுனியா?"